நூற்று நாற்பது குறைவு

தங்கொட்டுவையில் ஏற்றிய லொறி
பலாங்கொடையில் கொஞ்சம்
அல்துமுல்லை வளைவுகளில் மிச்சம் என்று
உடைத்துக்கொண்டே வந்திருக்கிறது.
பண்டாரவளையில் தார்ப்பாயை அவிழ்த்தால்
எண்ணூறில் நூற்று நாற்பது துண்டு.
"செங்கல்லுக்கும் தலை சுத்தும் அக்கா" என்றான் சாரதி.
சிரித்தேன்.
சிரித்தபடியே வாடகையில்
இரண்டாயிரத்தைக் கழித்தேன்.

நிமாலி மிஸ்ஸின் போனில் ஒரு படம்.
மழை தெரியாத ஏதோ ஊரின் முற்றம்:
மீன்முள் கோர்வையில் செங்கல்,
ஓரமெல்லாம் வெள்ளைக் கூழாங்கல்,
நடுவில் யாரும் உட்காராத நாற்காலி.
"இப்படியே வேணும், தவமலர்."

இப்படியே என்பது
சரிவில் நிற்கும் வீட்டுக்குச் சொல்லக்கூடாத வார்த்தை.
இங்கே மூன்று மணிக்கு மழை வரும்,
கடன் கேட்க வந்தவன் மாதிரி
நேரே உள்ளே வரும்.
எட்டடிக்கு இரண்டங்குலம் வாட்டம் விட்டு
நூல் கட்டினேன்.
நூல் நேராகத்தான் இருந்தது.

சல்லி நாலங்குலம், இடித்து.
மணல் ஓரங்குலம், இடிக்காமல்.
பழைய டயரை வெட்டி முழங்காலில் கட்டிக்கொண்டு
கேட்டிலிருந்து பதித்து வந்தேன்.
கொய்யா மரத்தடியில் கல் தீர்ந்தது.

பியதாசவுக்குத் தெரிந்த இடம் ஒன்று இருந்தது.
ரோட்டுக்குக் கீழே லயம் இடித்த அத்திவாரக் கருங்கல்,
டிராக்டர் லோடு கணக்கில் விலை.
"லயத்துக் கல்லா?"
மிஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டார்,
நான் அழுதுவிடுவேன் என்பது போல.

பதினோரு அங்குலக் கனம், மிஸ்.
செங்கல் இரண்டே கால்.
இரண்டும் ஒரே மட்டத்தில் முகம் காட்ட
கருங்கல்லுக்குக் கீழே தோண்டிக்கொண்டே போகணும்.
அதுக்குக் கூலி தனி.

ஒரு கல்லில் மட்டும் அடுப்புக் கரி இருந்தது.
தேய்த்தும் போகவில்லை.
அந்தப் பக்கத்தைக் கீழே போட்டுப் பதித்தேன்.
பார்வைக்கு நல்லா இருக்காது என்றுதான்.

படிக்கு ரயில்வே சிலிப்பர் கட்டை, நாலு.
பாசி பிடித்தால் ஆளைத் தள்ளிவிடும்,
கோழி வலை வைத்து ஆணி அடித்தேன்.
தார் இறங்கும் கட்டை என்பதால்
பக்கத்தில் புதினா நடாதீங்க என்றேன்.
மாலையிலேயே நட்டார்.

"இடுக்கெல்லாம் சீமெந்து பூசுவோமா?"
இது பியதாச.
பூசலாம். ஐப்பசி அடைமழையில் மலை ஒரு நூலளவு அசையும்,
அன்றைக்கே வெடிக்கும்.
செங்கல் குடிக்கும், கருங்கல் குடிக்காது.
குடிக்கிறவனையும் குடிக்காதவனையும்
பக்கத்தில் உட்கார வைத்தால்
நடுவில் ஒரு விரல் இடம் விடணும்.
பியதாச தன் வயிற்றைத் தடவிக்கொண்டு
ஆற்றுமணலை அள்ளி வந்தான்.

துண்டுகளை வீசவில்லை.
தலைசுற்றி உடைந்த அந்த நூற்று நாற்பதையும்
குத்துக்கல்லாக விளிம்பு முழுக்க நிறுத்தினேன்,
கோணலான பல்வரிசை போல.
முழுக்கல் ஒன்றும் இனி வெளியே நழுவ முடியாது.

மூன்றாகி ஏழு நிமிடம்.
மூவரும் விறாந்தையில் நின்று பார்த்தோம்.
தண்ணீர் முதலில் செங்கல்லில் கறுத்தது,
கருங்கல்லில் பளபளத்தது,
பிறகு இடுக்குகளைக் கண்டுபிடித்து
ஒவ்வொன்றாய் இறங்கிக் கானுக்குப் போனது.
மிஸ் படம் எடுத்தார்.
எங்கோ ஒரு சமதரையில்
யாரோ ஒரு பாஸிடம் இதை நீட்டி
இப்படியே வேணும் என்பார்கள்.
பாவம் அந்த மனிசன்.

கொய்யா மரத்தடியில் மட்டும்
ஒரு சாப்பாட்டுக் கோப்பை அளவு தண்ணீர் தேங்கியது.
மிஸ் பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.
காலையில் வந்து
திருப்புளியால் அந்த ஒரு கல்லைக் கிளப்பி
ஒரு பிடி மணல் போட வேண்டும்.
பில்லில் சேர்க்க மாட்டேன்.